எல்லம்மா அக்காவின் கைக்கடிகாரம்

எந்தக் கழுத்துக்கு எந்த நீளத்தில் மாலை, பட்டுப் புடவையின் கரைக்கும் வளையலுக்கும் எப்படிப் பொருத்தம் பார்ப்பது, வைரத்தோடு தங்கத்தைக் கலக்கலாமா கூடாதா என்பதையெல்லாம் நகைக்கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதையே நானும் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். வண்ணாரப்பேட்டையில் ஒரே நகைக்கடையில் இருபத்தாறு வருடம் இந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். உடைக்கு ஏற்ற நகையும் வாட்சும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது, பெரிய விசேஷம் என்றால் இடத்துக்கே போய் அலங்காரம் செய்துவிட்டு வருவது, இதுதான் வேலை. நன்றாகச் செய்த நாட்கள் எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. சொதப்பிய நாட்கள் மட்டும் புடவை நிறத்தோடு ஞாபகம் இருக்கின்றன.

முதல் சொதப்பல் பச்சைப் புடவை. மணலியில் வேலை பார்க்கும் ஒருவர், தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டப்போகும் புடவையோடு தன் மனைவியைக் கடைக்கு அழைத்து வந்தார். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வைர நெக்லஸ் ஒன்றைப் பொருத்தினேன். கடைக் கண்ணாடியில் அந்தப் பெண் ஜொலித்தார். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்து, "கடையில மின்னிச்சுங்க. மண்டபத்துல தூங்கிடுச்சு" என்றார். கொருக்குப்பேட்டையில் ட்யூப்லைட் மட்டும் எரியும் ஒரு சின்ன மண்டபம் அது. நான் அதைக் கேட்கவே இல்லை.

எங்கள் கடையின் வாட்ச் பிரிவில் ஒரு பாய் இருந்தார். ராயபுரத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் பாய் என்றே சொல்கிறேன். அந்தப் பெண் போனதும் அவர் மேலே எரிந்த விளக்குகளைக் காட்டி, "இந்த லைட்டயும் அந்தம்மாவோட பார்சல் கட்டி அனுப்பியிருக்கணும் நீ" என்றார். அன்றிலிருந்து எந்த நகையையும் வாசலுக்கு எடுத்துப் போய்த் தெரு வெளிச்சத்திலும் பார்க்காமல் நான் யாருக்கும் சொன்னதில்லை. விசேஷம் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன விளக்கு என்று கேட்கவும் கற்றுக்கொண்டேன். இனி எல்லாவற்றையும் கேட்கத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லம்மா அக்கா வரும் வரைக்கும்.

எல்லம்மா அக்கா காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். கணவர் இல்லை. ஒரே மகன் கார்த்தி, கப்பலில் இன்ஜினியர். அவன் காதலித்த பெண்ணுக்கு அண்ணா நகரில் வீடு, அப்பா டாக்டர். கல்யாணம் கோயிலில் எளிமையாக முடிந்துவிட்டது. வரவேற்பு மட்டும் நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில். அதற்கு அம்மாவை அலங்கரிக்கும் பொறுப்பைக் கார்த்தி என்னிடம் கொடுத்தான்.

"அக்கா, அங்க வர்றவங்க எல்லாம் பெரிய ஆளுங்க. எங்கம்மாவ ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. நீங்கதான் பாத்துக்கணும்" என்றான். கப்பலில் இருந்தபோதே வீடியோவில் எங்கள் கடை வாட்ச்சுகளைப் பார்த்து அம்மாவுக்காக ஒரு வாட்ச்சும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். மெல்லிய தங்கப் பட்டை, வெள்ளைச் சிப்பி முகம், எண்களே கிடையாது. பன்னிரண்டு எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வைரக் கற்கள்.

எல்லம்மா அக்காவிடம் சொந்தமாக நல்ல கனமான நகைகள் இருந்தன. காசு மாலை, இரட்டை வடச் சங்கிலி, காதை இழுக்கும் சிவப்பு ஏழு கல் கம்மல். எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிடச் சொன்னேன். சந்தன நிறத்தில் பட்டு, கழுத்தில் ஒற்றை வரிசை வைர நெக்லஸ், காதில் பொட்டு போல வைரத் தோடு, கையில் அந்த வாட்ச். அவ்வளவுதான். கடையில் ஒத்திகை பார்த்தபோது அவர் கண்ணாடியில் தன்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஷோக்காத்தான் கீது. ஆனா இன்னாம்மே, காது மட்டும் காலியா கீற மாரி கீதே" என்றார்.

"பழகிடும்க்கா."

"பழகிடுமா? சரி, படிச்ச பொண்ணு சொல்ற. உனக்குத் தெரியாதா?" என்றார்.

நாலு தரம் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் தாண்டிப் போனேன். நான் மனதில் வைத்திருந்த படம் அவ்வளவு அழகாக இருந்தது. அந்தப் படத்தில் அந்தக் கம்மலுக்கு இடமில்லை.

வரவேற்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மதியம் நகைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாட்ச் இன்னும் காட்சித் தட்டிலேயே இருந்தது. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். போகும்போதே, "நான் வந்து எடுத்துக் குடுக்குறேன், இரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வெளியே டாக்ஸி நின்றுகொண்டிருந்தது. ஒரு வாட்ச்சைத் தட்டிலிருந்து பெட்டிக்கு மாற்ற எனக்குத் தெரியாதா என்று நானே எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஹோட்டலில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். எல்லம்மா அக்காவை அங்கே வைத்து அலங்கரித்தேன். முடித்து நிமிர்ந்து பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. கார்த்தி உள்ளே வந்து, "ம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றான். ஏழு மணிக்கு அக்கா அரங்கத்துக்குள் போனார். ஏழரைக்கு இரு வீட்டாரும் மேடையேற வேண்டும்.

ஏழு இருபதுக்குக் கார்த்தி என்னைத் தேடி ஓடி வந்தான். "அக்கா, அம்மா ரூம்ல போயி கதவச் சாத்திக்கினாங்க. நான் கூப்ட்டா வர மாட்றாங்க. இன்னான்னு பாருங்க."

கதவைத் தட்டி, நான்தான் என்றதும் திறந்தார். நெக்லஸ், தோடு, வாட்ச் மூன்றும் படுக்கைமேல் கிடந்தன. அக்கா சுவரோரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் மேடைக்கு வர்ல. உடம்பு சரியில்லன்னு சொல்லிடு. எம்புள்ள நல்லா இருக்கட்டும். நான் வூட்டுக்குப் போறேன்."

இந்த மாதிரி நேரத்தில் நம் வாயில் தானாக வரும் வார்த்தைகள் உங்களுக்கும் தெரியும். நானும் அதையே சொன்னேன். "மகாலட்சுமி மாதிரி இருக்கீங்கக்கா, யாருக்கும் நீங்க சளைச்சவங்க இல்ல" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். சந்தையில் அழுகின மீனைப் புதுசு என்று சொல்பவரை அவர் அப்படித்தான் பார்ப்பார் போல.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "இன்னா ஆச்சுக்கா? நடந்தத சொல்லுங்க" என்றேன்.

மடியில் புடவை மடிப்பை நீவிவிட்டார். பிறகு சொன்னார். பெண்ணின் பெரியம்மா, பச்சை மரகத மாலை போட்டவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்து மணி என்ன என்று கேட்டிருக்கிறார். எல்லம்மா அக்காவுக்குப் போனில் எண்ணைப் பார்த்து மணி சொல்லத் தெரியும். முள்ளைப் பார்த்துச் சொல்லத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை, தேவையும் வரவில்லை. அதனால் கையை நீட்டி, "நீயே பாத்துக்கம்மா" என்றிருக்கிறார். அந்தப் பெரியம்மா வாட்ச்சைப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டு, "இது நம்மள இப்பவே வீட்டுக்கு அனுப்பிடும் போலிருக்கே" என்றிருக்கிறார். சுற்றி இருந்தவர்களும் சிரித்திருக்கிறார்கள்.

"மணி பாக்கத் தெர்லன்னு கண்டுக்கினாங்கம்மே. இங்க உனக்கு இன்னா வேல, வூட்டுக்குப் போன்னு சொல்றாங்க. எய்ந்து வந்துட்டேன்."

எனக்கு அந்தப் பெரியம்மா மேல் கோபம் வந்தது. போய் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எழுந்தே விட்டேன். எழும்போது படுக்கைமேல் இருந்த வாட்ச்சைக் கையில் எடுத்தேன்.

அது பத்து பத்து காட்டிக்கொண்டிருந்தது.

உங்களில் வாட்ச் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். காட்சித் தட்டில் வைக்கும்போது பக்கவாட்டில் இருக்கும் திருகுசாவியை வெளியே இழுத்து, பத்து பத்தில் நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் இரண்டு முள்ளும் விரிந்து முகம் அழகாகத் தெரியும், பேட்டரியும் வீணாகாது. விற்கும்போது நேரம் வைத்துச் சாவியை உள்ளே தள்ளிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் பாய் என்னை இருக்கச் சொன்னார். நான் ஓடாத வாட்ச்சை ஒரு தாயின் கையில் கட்டி, முந்நூறு பேர் நடுவில் உட்கார வைத்திருக்கிறேன். பெரியம்மா சொன்னது வாட்ச்சை. மணி பத்து பத்து என்றால் விருந்து முடிந்து வீட்டுக்குப் போகும் நேரம்தானே.

இப்போது உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். "பேட்டரி தீந்துபோச்சுக்கா" என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. யாருக்கும் தெரிய வராது. அவர் மனமும் ஆறும், என் பெயரும் கெடாது, கடைக்கும் கெட்ட பெயர் இல்லை. அந்த வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த வாட்ச் முதல் நாளே பழுது என்று ஆகிவிடும். அவனுடைய அன்பளிப்பின் மேல் என் தப்பைத் தூக்கிப் போடுகிறேன் என்று அர்த்தம்.

"அக்கா, இது ஓடவே இல்ல. கடையில எப்படி நிறுத்தி வெச்சிருந்தாங்களோ அப்படியே எடுத்தாந்து உங்க கையில கட்டிட்டேன். மணி வெக்க மறந்துட்டேன். தப்பு என்னுது. அந்தம்மா வாட்ச்சப் பாத்துச் சிரிச்சிருக்காங்க, உங்களப் பாத்து இல்ல."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெய்யாலுமா? என்னிய சமாதானம் பண்ண சொல்றியா?"

வாட்ச்சை அவர் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. சாவியை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி வைத்தேன். மெல்லிய டிக் டிக் கேட்டது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அடிப்பாவி" என்றார். அதில் கோபம் பாதிதான் இருந்தது. "ஒரு நிமிசத்துல என்னிய பேஜாராக்கிட்டியே."

"திட்டுங்கக்கா. எத்தினி வேணா திட்டுங்க. திட்டிட்டு மேடைக்கு வாங்க."

"வரேன். ஆனா இத்தப் பாக்க சொல்லிக் குடு. மறுக்கா எவளாவது கேட்டா கைய நீட்டிக்கினு இருக்க முடியாது."

கதவுக்கு வெளியே கார்த்தி நடந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஏழு இருபத்தெட்டு. இன்னொரு நாள் சொல்லித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் மேடையேறத் தேவைப்பட்டது நெக்லஸ் இல்லை, இதுதான் என்று எனக்குத் தோன்றியது. மேடையேறுவதைப் பத்து நிமிடம் தள்ளிப்போடக் கார்த்தியிடம் சொன்னேன்.

சின்ன முள் எந்தக் கல்லைத் தாண்டியிருக்கிறதோ அது மணி என்றேன். மேலே இருக்கும் கல் பன்னிரண்டு, அங்கிருந்து ஒன்று, இரண்டு. அது உடனே பிடிபட்டது. பெரிய முள்ளுக்குத்தான் நான் தடுமாறினேன். ஒவ்வொரு கல்லுக்கும் ஐந்து நிமிடம் என்று சொன்னதும் அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"இரு இரு. அஞ்சு அஞ்சா ஏத்திக்கினே போவணும், அதானே? இத்தத்தானே தெனைக்கும் பண்ணிக்கினு கீறேன்."

விரலைக் கல்மேல் வைத்து, ஏலம் விடும் அதே ராகத்தில் ஆரம்பித்தார். "அஞ்சு, பத்து, பாஞ்சு, இருவது, இருவத்தஞ்சு, முப்பது…" ஒரு சுற்று முடிந்ததும் நான் முள்ளை மாற்றி மாற்றி வைத்தேன். நாலு நாப்பது, ஒம்போது பாஞ்சு, பன்னெண்டு அம்பத்தஞ்சு. ஒன்றில்கூடத் தவறவில்லை. நான் என் மகளுக்கு இதைச் சொல்லித் தர ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆனது. கடைசியில் சரியான நேரத்தை வைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். சாவியை அவரே உள்ளே தள்ளினார்.

அப்புறம் எழுந்து கண்ணாடி முன் நின்றார். நான் படுக்கையிலிருந்து தோட்டை எடுக்கப் போனேன். "அது வாணாம்" என்று சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தார். உள்ளே அந்த ஏழு கல் கம்மல். "வூட்ல வெச்சிட்டு வர மனசு வர்ல" என்றார். முதலில் அதைத்தான் மாட்டிக்கொண்டார். பிறகு வாட்ச். கடைசியில் நெக்லஸை எடுத்து, "இது நல்லாத்தான் கீது, இத்தப் போட்டு வுடு" என்று என்னிடம் கொடுத்தார்.

மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தேன். நான் போட்டுவிட்டபோது அழகான நகை போட்ட ஒரு பெண்மணி நின்றிருந்தார். இப்போது எல்லம்மா அக்கா நின்றிருந்தார். கம்மலின் சிவப்பு அந்தச் சந்தனப் புடவையைத் தூக்கி நிறுத்தியது. அந்த முகத்துக்கு அந்தக் கனம் வேண்டியிருந்தது. ஒத்திகையில் நாலு தரம் காதைத் தொட்டபோதே அவர் எனக்குச் சொல்லிவிட்டார், நான்தான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றிப் போட்ட ஒருவர் முதலில் எதைத் திரும்ப எடுத்து மாட்டுகிறார் என்று பாருங்கள். அதை அவரிடமிருந்து நீங்கள் எடுக்காதீர்கள். அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம்.

போகும் வழியில் அந்தப் பெரியம்மாவிடம் அக்காவே என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். "சொல்லு" என்றார். வாட்ச்சில் மணி வைக்காதது என் தப்பு என்று சொன்னேன். அந்த அம்மாளுக்கு முகமே மாறிவிட்டது.

"ஐயோ, அதுக்காகவா எழுந்து போனீங்க?" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மணி தெரியாமலா கேட்டேன்? உங்ககிட்ட என்ன பேசி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல சம்பந்தி. ரொம்ப நேரமா யோசிச்சிட்டு, மணி என்னன்னு கேட்டேன். வாட்ச் நின்னிருந்துச்சா, ஏதோ தமாஷா சொல்லணும்னு அதைச் சொல்லித் தொலைச்சேன்."

எல்லம்மா அக்கா ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைத் திருப்பி, நிதானமாக, பார்த்துச் சொன்னார். "மணி ஏயு நாப்பது. வா, மேடைக்குப் போவலாம்."

மேடையில் அன்று நடந்ததைக் கார்த்தி இன்னும் சொல்லிச் சிரிக்கிறான். புகைப்படக்காரர் விருந்தாளிகளை நிறுத்தி நிறுத்தி எடுத்துக்கொண்டே இருந்தார். வரிசை அரங்கத்தின் வாசல்வரை நீண்டது. எல்லம்மா அக்கா எல்லாரும் பார்க்கக் கையைத் தூக்கி வாட்ச்சைப் பார்த்தார். "எட்டே கால் ஆச்சு நைனா. வந்தவங்கல்லாம் பசியா கீறாங்கோ. நாலு நாலு பேரா நிக்க வெச்சு எடு" என்றார். ஏலம் விட்டுப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை. முந்நூறு பேரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பெரியம்மா. வரிசை இருபது நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் காலையில் முதலாளியிடம் நடந்ததை நானே சொன்னேன். வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டேன். பாய் என்னை வாட்ச் பிரிவுக்குக் கூப்பிட்டார். காட்சித் தட்டிலிருந்து ஒரு வாட்ச்சை எடுத்து என் கையில் கொடுத்து, "மணி வெச்சுக் குடு" என்றார். பதினைந்து வாட்ச்சுக்கு வைக்கச் சொன்னார். வைத்தேன்.

தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நடக்கும். நடந்ததும் முதலில் யாரைக் குற்றம் சொல்லலாம் என்று மனசு தேடும். நான் பெரியம்மாவைத் தேடினேன், அப்புறம் பேட்டரியைத் தேடினேன். அந்தத் தேடலை நீங்கள் எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறீர்களோ, அவ்வளவு சீக்கிரம் எதிரில் உட்கார்ந்திருப்பவரை உங்களால் பார்க்க முடியும்.

வரவேற்பன்று நான் கிளம்பும்போது அக்கா என்னைச் சாப்பிட உட்கார வைத்தார். என் தட்டில் இருந்த மீன் துண்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இத்தத் துன்னாத. ஐஸ்ல கெடந்த மீனு. ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வா" என்று அதை ஓரமாகத் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் உட்கார்ந்து வஞ்சிரம் ஆய்ந்துகொண்டிருந்தார். கையெல்லாம் செதில், தண்ணீர், மணிக்கட்டில் பன்னிரண்டு வைரக் கல்லோடு அந்த வாட்ச். என்னைப் பார்த்ததும் மணி சொன்னார். அப்புறம், "ஏம்மே, இதுல தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்டார்.

ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு பாய்க்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"மொதல்ல அத்தக் கழட்டச் சொல்லு" என்றார்.